ஆஸ்பத்திரிக்குப் போன கடல் பூதம்

போன வாரம் திருப்பதி ஆஸ்பத்திரி வார்டில் ஒரு கூத்து. சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

என் சிநேகிதன் சாலமன் அங்கே படுத்திருக்கிறான். சித்தூரில் கணக்கு வாத்தியார். கணையத்தில் கட்டி. டாக்டர் கையை விரித்துவிட்டார். படிக்க ஏதாவது கொடு என்றான். பையிலிருந்த கிராஃபிக் நாவலை, பெரியவர்களுக்கான படக்கதைப் புத்தகத்தை, கொடுத்துவிட்டு வந்தேன். பிரபஞ்ச பயங்கரம் என்கிற ரகம். சாகக் கிடக்கிறவனுக்குக் கொடுக்கிற புத்தகமா அது? புத்தி எங்கே மேயப் போச்சோ...

நம்மூர்ப் பேய்க்கு ஒரு நியாயம் இருக்கும். எவனாவது ஏமாற்றியிருப்பான், ஏதாவது ஆசை பாக்கி இருக்கும். கேட்டதைக் கொடுத்தால் போய்விடும். சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால், மேல்நாட்டு மலிவுத்தாள் பத்திரிகைகளில் எழுதிய சிலர் அந்த நியாயத்தைப் பிடுங்கிப் போட்டார்கள். அவர்களுடைய பூதத்துக்கு நாம் இருப்பதே தெரியாது. இந்த நாவல் அந்த வம்சம்தான். இரண்டு பக்கம் முழுக்கக் கறுப்பு மை, ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு படகு — வசனமே கிடையாது. வரைந்தவன் கையைக் கும்பிடலாம்.

சனிக்கிழமை மறுபடி போனேன். அவனுடைய சர்ச் சபையிலிருந்து ஜெபம் பண்ண மூன்று அம்மாக்கள் வந்திருந்தார்கள். மூத்தவரான கிரேஸ் அம்மா தலைமாட்டிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். கடலிலிருந்து தலை தலையாக எழும்புகிறது பூதம். எனக்குத் திக்கென்றது.

"பைபிள்ல கடல்லேர்ந்து ஏழு தலையோட வர்ற மிருகம்தானே? நல்லா போட்டுகீறாங்க. தெனம் ரெண்டு பக்கம் படிச்சிக்கினு இரு சாலமன்" என்றவர், அதன்மேல் கை வைத்து ஜெபமும் பண்ணிவிட்டார்.

கிளம்பும்போது, "அறிக்கை பண்ணாம மறைச்ச பாவம் எதுனா இருந்தா சொல்லிடுப்பா. ஆண்டவரு சும்மா அடிக்க மாட்டாரு" என்றார். வருகிற எல்லோரும் கேட்பதுதான். அவன் தலையை ஆட்டினான்.

அவர்கள் போனதும், "குடுடா, எடுத்துக்கினு போறேன். தெரியாம குடுத்துட்டேன்" என்றேன்.

"வேணாம், இங்கியே இருக்கட்டும். ரெண்டு மாசமா யோசிச்சிக்கினே கீறேன்டா, இன்னா பாவம் பண்ணேன்னு. பசங்கள அடிச்சனே, அதுவா? நைனாவ கடைசியா பாக்கப் போவலியே, அதுவா?"

மூச்சு வாங்கியது. கறுப்புப் பக்கத்தை என் பக்கம் திருப்பினான்.

"இதுக்கு எம்மேல கோவமே இல்லடா. இதப் படிச்ச அன்னிக்குத்தான் தூங்குனேன்."

வெட்கமாக இருந்தது. இவன் என்ன பாவம் பண்ணினானோ என்று மனசுக்குள் நானும் கேட்டிருந்தேன்.

நோயாளியைப் பார்க்கப் போகிறீர்களா? சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போங்கள். காரணம் தேடுவதை வாசலிலேயே விட்டுவிடுங்கள்.