நான் கயிறு பிடித்த நாள்

என் கணவர் கப்பலில் வேலை பார்த்த காலத்தில், அவர் விடுப்பில் வீட்டுக்கு வந்திருக்கும் நாட்களில் மட்டும்தான் நான் பயமில்லாமல் தூங்கினேன். ஒரே ஒரு விடுப்பில் அதுவும் இல்லாமல் போனது.

எண்பதுகளின் நடுப்பகுதி. பெருங்களத்தூரில் ரயில் பாதைக்கு மேற்கே எங்கள் வீடு. அவர் அந்த ஊர்க்காரர். அவர் குடும்பத்து நெல் வயல் மனைகளாகப் போன பிறகு ஐ.டி.ஐ. படித்து, கப்பலில் ஃபிட்டராகச் சேர்ந்தார். நான் தாம்பரத்தில் வளர்ந்தவள். கடற்கரையில் கால் நனைத்ததோடு சரி, கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் எழுதும் கடிதம் வந்து சேர இருபது நாள் ஆகும். நலம் என்று எழுதியிருந்தால், இருபது நாளைக்கு முன்னால் நலமாக இருந்தார் என்றுதான் அர்த்தம். அதற்குப் பிறகு என்ன ஆயிற்றோ என்று நினைத்துக்கொண்டே மறுபடி மறுபடி படிப்பேன். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது.

அந்த வருடம் கப்பலுக்குச் சரக்கு கிடைக்கவில்லை. முதலாளி கிரேக்கர். கப்பலைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோய் ஒரு விரிகுடாவில் நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டார். அங்கே அதே மாதிரி வேலையில்லாத கப்பல்கள், தாம்பரம் யார்டில் ரயில் பெட்டிகள் நிற்பது போல வரிசையாக நின்றனவாம். பராமரிப்புக்கு ஏழெட்டுப் பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இவர் ஒருவர், கப்பலின் கிரேக்கச் சமையல்காரர் ஒருவர். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. நிற்கிற கப்பல் எப்படி மூழ்கும்?

பிறகு ஒரு தடித்த கடிதம் வந்தது. ஈஸ்டருக்குச் சமையல்காரர் இவரைத் தன் தீவுக்கு அழைத்துப் போயிருந்தார். அந்தத் தீவு முழுக்கப் பாறை. எதுவும் விளையாது. ஆகவே அங்குள்ள ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலடிக்கு இறங்கி, கடற்பஞ்சு அறுத்து வந்து பிழைத்தார்கள். கடையில் ஸ்பாஞ்ச் என்று வாங்குகிறோமே, அதன் அசல். பாறையைப் பிடித்து வளரும் ஓர் உயிர். ஈஸ்டர் கழிந்ததும் படகுகள் கிளம்பினால் திரும்ப ஐந்தாறு மாதம் ஆகும். கிளம்புவதற்கு முன்னால் ஊரே கூடி விருந்து வைக்கும்.

அந்த விருந்தில் ஆண்கள் தோளைக் கோத்துக்கொண்டு ஆடினார்கள். வரிசையின் முதலில் இருந்தவன் திடீரென்று ஒரு தடியை ஊன்றிக்கொண்டு, கால்கள் வெடவெடக்க, விழப்போகிறவன் போல ஆடினான். குடித்துவிட்டு வேடிக்கை காட்டுகிறான் என்று இவர் சிரித்துவிட்டார். சுற்றி ஒருவரும் சிரிக்கவில்லை. சமையல்காரர் காதில் விளக்கினாராம். காற்றுக்குழாய் மாட்டிக்கொண்டு ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு அவசரமாக மேலே வருகிறவர்களுக்கு, ரத்தத்தில் காற்று குமிழியிட்டு, இடுப்புக்குக் கீழே செத்துவிடும். அப்படி ஒருவராவது இல்லாத வீடு அங்கே குறைவு. ஆடியவன் அவர்களைத்தான் ஆடிக் காட்டினான்.

கடைசிப் பக்கத்தில், ஏதோ கடைக்குப் போய்வந்ததைச் சொல்வது போல எழுதியிருந்தார்: கல்லைப் பிடித்துக்கொண்டு நானும் நாலு தரம் இறங்கினேன்.

குழாயும் இயந்திரமும் வருவதற்கு முந்தைய வழி அது. பத்துப் பன்னிரண்டு கிலோவில் வழவழப்பான ஒரு தட்டைக்கல். அதில் கயிறு கட்டியிருக்கும். கல்லை இரு கையாலும் முன்னே நீட்டிப் பிடித்துக்கொண்டு தலைகீழாக விழுந்தால், அது விறுவிறுவென்று அடிக்கு இழுத்துப் போய்விடும். ஒரு மூச்சுக்குள் வேலையை முடித்து, கல்லின்மேல் ஏறி நின்று கயிற்றைச் சுண்டினால், படகில் இருப்பவர் மேலே தூக்குவார். சமையல்காரரின் தம்பி இவருக்குக் கயிறு பிடித்தாராம். மேலே கயிறு பிடிப்பவர் யார் என்பதை முங்குகிறவன்தான் முடிவு செய்வான் என்றும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் வாசலில் நின்றபடியே படித்து முடித்தேன். யாரிடமும் காட்டவில்லை.

ஆனி மாதம் வந்து சேர்ந்தார். பெட்டியில் தலையளவு பெரிய கடற்பஞ்சு ஒன்று இருந்தது. அதை வைத்து மகளைக் குளிப்பாட்டினோம். ஈரமானால் ஒரு வாசனை வரும், உப்பும் பாசியும் கலந்த மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து தீவுக் கதையையும் கல் கதையையும் இவர் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தெருவில் குடியிருந்த லாரி மெக்கானிக் ஒருவர், கூட்டாளிகளோடு ஒரு கல்குவாரியில் குளிக்கப் போனார். மலையைக் குடைந்து கல் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பள்ளம் அது. மழைத் தண்ணீர் நின்று பச்சைப் பசேலென்று இருக்கும். மேலேயிருந்து குதித்தவர் திரும்பி வரவில்லை. தீயணைப்புக்காரர்கள் இரண்டு நாள் தேடினார்கள். கிணற்றில் விழுந்த குடத்தைக் கொக்கி போட்டு எடுக்கும் பாதாளக் கரண்டியைப் போட்டும் பார்த்தார்கள். அது பாறையில் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த மெக்கானிக்கின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாதவள். அழுது அழுது குரல் போயிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இவரைப் பார்த்து, "அண்ணா, நீங்க கடலுக்கு அடியிலயே போய்ட்டு வந்தவருன்னு சொன்னாங்க. உசுரோட கேக்கலண்ணா. மூஞ்சிய ஒரு தபா பாத்தா போதும்" என்றாள்.

இவர் என்னைச் சமையலறைக்குள் கூட்டிப் போனார். அவர் முகத்தைப் பார்த்ததும், போக முடிவு செய்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. குவாரியும் கடலும் ஒன்றல்ல, உள்ளே கம்பி கிடக்கும், முள்ளு மரம் கிடக்கும் என்று என்னென்னவோ சொன்னேன். அந்தத் தீவில் கால் விழுந்தவர்களைப் பற்றி நீங்கள்தானே எழுதினீர்கள் என்றேன். அது குழாயில் காற்று வாங்குகிறவர்களுக்கு வருவது, ஒரே மூச்சில் முங்கி எழுகிறவனுக்கு வராது என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கயிறு நீதான் புடிக்கணும்."

ஆண்கள் அத்தனை பேர் இருக்கும்போது நான் எதற்கு என்றேன்.

"இழுக்க ஆளுங்க கீறாங்க. புடிக்க நீதான் வேணும். தெனம் கெணத்துல தண்ணி எறைக்கிற கை. குடம் தண்ணியத் தொட்டுச்சா, ரொம்பிச்சா, கல்லுல இடிக்குதான்னு எட்டிப் பாக்காமலே உனக்குத் தெரியும்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னாலும் போவார், வேறு யாரோ கயிறு பிடிப்பார்கள். அதை நினைத்தபோது பயம் இன்னும் கூடியது. மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

குவாரி ஓரத்தில் அம்மி, ஆட்டுக்கல் கொத்துகிறவர்களின் கொட்டகை இருந்தது. அங்கே பாதி கொத்திய சின்ன அம்மி ஒன்றை எடுத்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, புதுத் தாம்புக் கயிற்றால் கட்டினார். கயிற்றில் மணிக்கட்டு நுழைய ஒரு கண்ணி போட்டுக்கொண்டார். தண்ணீரை ஒட்டி மேடை போல ஒரு பாறை. அதில் நான் நின்றேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் கயிற்றின் மிச்சத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் என்னிடம் மறுபடி மறுபடி சொன்னார். அடியைத் தொட்டதும் ஒரு சுண்டு. தூக்க வேண்டுமானால் இரண்டு சுண்டு. சுண்டாவிட்டால் நூறு எண்ணிவிட்டுத் தூக்கு, அதற்கு முன்னால் தூக்காதே.

பிறகு ஓரமாக உட்கார்ந்து வெகுநேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். கல்லை நீட்டிப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

கயிறு என் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. அத்தனை கயிறு போகும் என்று நான் நினைக்கவில்லை. நின்றது. ஒரு சுண்டு. எண்ணத் தொடங்கினேன். அந்தப் பெண் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று தெரியும், திரும்பவில்லை. ஐம்பத்தெட்டில் இரண்டு சுண்டு வந்தது. தூக்கினோம். அடியில் ஒன்றும் தெரியவில்லை, கையால் தடவித்தான் பார்க்க முடிகிறது, தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கிறது என்றார். பத்தடி தள்ளி இரண்டாவது தரம் இறங்கினார். கிடைக்கவில்லை. போதும் என்றேன். அவர் உதடு நீலமாக இருந்தது. அடியில் ஒரு விளிம்பு இருக்கிறது, அதற்கப்பால் இன்னும் பள்ளம், அங்கேதான் இருக்க வேண்டும் என்றார். மெல்லிய கயிறு ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு, அதன் மறுமுனையைக் கரையில் நின்றவர்களிடம் கொடுத்தார்.

மூன்றாவது தரம் கயிறு ஓடி நின்று, மறுபடி ஓடியது. ஒரு சுண்டு. நான் எண்ணினேன். நாற்பது. அறுபது. குவாரி முழுக்க ஒரு சத்தமும் இல்லை. எண்பதில் கயிறு நடுங்கியது. அது சுண்டு இல்லை. கொடியில் காற்றடிப்பது போல ஒரு நடுக்கம். நூறு என்று சொல்லியிருந்தார். எண்பத்து மூன்றில் என் வாய் தானாக, "தூக்குங்க" என்றது.

கயிறு வரவில்லை.

பின்னால் இருந்தவர்கள் பலம்கொண்ட மட்டும் இழுத்தார்கள். கயிறு விறைத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. என் கைக்கு அது தெரிந்தது. கிணற்றில் குடம் துருத்திய கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் இருக்கும். இழுக்க இழுக்க இறுகும். விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆனால் இந்தக் கயிற்றின் நுனியில் இருந்தது குடம் இல்லை.

"விடுங்க" என்றேன். பின்னால் இருந்தவர், "இன்னாமா சொல்ற, ஆளு உள்ள கீறாரு" என்றார். "விடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு நானே கயிற்றைத் தளர்த்தினேன். ஒரு முழம், இரண்டு முழம். என் வாழ்க்கையில் நான் செய்த எதற்கும் அவ்வளவு பயந்ததில்லை. இன்றைக்கும் சில சமயம் என் கைகள் அந்த இரண்டு முழத்தை விட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும். பிறகு பக்கவாட்டில் அசைத்து இழுத்தேன். கயிறு வந்தது. எல்லோரும் சேர்ந்து இழுத்தோம்.

கண்ணியில் கை மாட்டியிருக்க, தலை சாய்ந்தபடி மேலே வந்தார். மூக்கிலிருந்து ரத்தம். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பாறையில் கிடத்திக் கன்னத்தில் அடித்தேன். இருமினார். மூச்சு வந்ததும் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். மெல்லிய கயிறு அங்கே இல்லை. அதில் உடலைக் கட்டிவிட்டு வந்திருந்தார்.

அந்தக் கயிற்றை இழுத்தபோது நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். அவள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு வந்து என் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் வீட்டில் கேட்டேன், எண்பதில் நீங்கள் சுண்டினீர்களா என்று. "சுண்டல. கல்லு சந்துல மாட்டிக்கிச்சு. கைதான் நடுங்குச்சு" என்றார். இடது காது ஒரு மாதம் அடைத்தே இருந்தது. அவர் என்னதான் சமாதானம் சொல்லியிருந்தாலும், தினம் காலையில் அவர் கண் விழித்ததும் கால்களை அசைக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் நான் படுக்கையை விட்டு எழுந்தேன்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம் வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். வேர்த்துக் கொட்டியிருந்தது. ஊரப்பாக்கத்துக்கும் அப்பாலிருந்து வருவதாகச் சொன்னார். துணி துவைக்கப் போன மகள் முந்தின நாள் ஒரு குவாரித் தண்ணீரில் வழுக்கி விழுந்துவிட்டாள். எடுத்துக் கொடுக்கிறவர் இங்கே இருக்கிறார் என்று யாரோ சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

"அவரு கப்பலுக்குப் போய்ட்டாரும்மா" என்றேன். "முந்தாநேத்தே கெளம்பிட்டாரு."

அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு சரிம்மா என்று சொல்லி, ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

உள்ளே வந்தேன். இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலைத் தரையில் ஊன்றாமல் மேலேயே மடக்கி வைத்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது. கூப்பிடட்டுமா, இன்னும் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார் என்றேன். அதைச் சொல்லும்போதே சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் பயமாத்தான் கீது" என்றார். நான் போய்க் கதவைச் சாத்தினேன்.

துணி துவைக்கப் போன அந்தப் பெண்ணின் உடல் மறுநாள் தானாகவே மிதந்துவிட்டது என்று பால்காரர் சொன்னார். இவர் இரண்டு வாரத்தில் கப்பலுக்குத் திரும்பினார். இன்னும் ஆறு வருடம் போய்வந்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் லேத் பட்டறை போட்டார். அதற்குப் பிறகு கிணற்றில்கூட அவர் இறங்கியதில்லை.

பட்டறை தொடங்கிய வருடம், தாம்பரம் மார்க்கெட்டில், அன்றைக்கு எங்கள் வாசலில் வந்து நின்ற அந்த அம்மாவைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகலாம் என்று நினைப்பதற்குள் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னாமா, உங்க வூட்டுக்காரரு கப்பல்லேர்ந்து வந்துட்டாரா?" என்று கேட்டார்.

வந்துட்டாரு, இனிமே போகமாட்டாரு என்றேன்.

"நல்லதும்மா. எவ்ளோ பயந்துகினு இருந்திருப்ப" என்று என் கையைத் தொட்டார். கீரைக்கட்டைக் கூடைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கூட்டத்துக்குள் போய் மறைந்த பிறகும் என்னால் அங்கிருந்து நகர முடியவில்லை.