சர்க்கரை நோயோடு ஓர் உபவாசம்: சத்தியமங்கலம் ஜெபவீட்டில் ஒரு பகல்

சென்ற ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில், நகரில் நடந்த ஓர் உபவாசக் கூட்டத்தில் என் மனைவி எஸ்தரின் கைகள் நடுங்கின. மேடையிலிருந்த பிரசங்கியார் அதைப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று அறிவித்தார். கூட்டம் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. அவள் சரிந்து விழுந்து நெற்றி தரையில் மோதிய பிறகுதான், அது இரத்தத்தில் சர்க்கரை இறங்கியதால் வந்த நடுக்கம் என்று தெரிந்தது. அவள் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. பிரசங்கியார் மருத்துவமனைக்கு வரவில்லை. மறுநாளும் தவறாமல் கூட்டம் நடத்தினார். அவர் பெயரை எழுதி அவருக்கு விளம்பரம் தேடித்தர எனக்கு விருப்பமில்லை. என் பங்கையும் மறைக்கவில்லை. வெறும் வயிற்றில் இருந்தவளுக்கு அன்று காலை மாத்திரையை நினைவூட்டி விழுங்க வைத்தவன் நான். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன்.

இந்த ஆண்டும் உபவாசம் இருக்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்றேன். “அப்ப என்ற விசுவாசத்த அந்த மேடையிலயே விட்டுப்போட்டு வரச் சொல்றீங்களா?” என்று கேட்டாள். மருத்துவரிடம் சென்றோம். உபவாச நாளுக்கான மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்தவர், பகல் மூன்று மணி வரை போதும், தண்ணீர் கட்டாயம், சர்க்கரை எழுபதுக்குக் கீழே இறங்கினால் உடனே முடித்துவிட வேண்டும் என்றார். சென்ற ஆண்டு நடுக்கம் தெரிந்தும் அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை என்று எஸ்தர் பிறகு ஒப்புக்கொண்டிருந்தாள். இம்முறை சொல்வாளா என்பதுதான் என் கவலை.

மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை. எங்கள் பகுதியான கணபதியில் காலை 5.20க்குப் பேருந்து ஏறினோம். அன்னூர், புளியம்பட்டி வழியாக ஏறத்தாழ 65 கிலோமீட்டர்; ஆளுக்கு 55 ரூபாய். 7.10க்குச் சத்தியமங்கலம். அங்கிருந்து ஜெபவீட்டுக்கு ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 180 ரூபாய்.

“ஊரே சோத்துக்கு ஓடுதுங்க. நீங்க ஆட்டோ புடிச்சுப் பட்டினி கெடக்கப் போறீங்களேங்க” என்றார் ஓட்டுநர்.

“நீங்களும் வாங்களேன்” என்றாள் எஸ்தர்.

“எனக்கு ஊட்டுலயே அப்பப்ப நடக்குமுங்க, சண்ட வந்தா.”

ஜெபவீடு என்பது பவானி ஆற்றை ஒட்டிய ஓர் ஓட்டுக் கட்டடம். நடத்துபவர் ரூத் அக்கா, ஓய்வு பெற்ற செவிலியர். வாசலிலேயே மறித்தார். “மாத்திர டப்பாவையும் டாக்டர் சீட்டையும் காட்டுங்க அம்மணி. சார், உங்க வெரலையும் நீட்டுங்க.”

எனக்கு நோய் எதுவும் இல்லை என்றேன்.

“தெரியாதவிங்க எல்லாரும் அப்பிடித்தானுங்க சொல்றாங்க” என்றபடி குத்தினார்.

கூடத்தில் வேதாகமம் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் நாட்டுச்சர்க்கரை கரைத்த தண்ணீர், மூடி போட்ட டம்ளரில். சமையலறையில் வைக்கலாமே என்று கேட்டேன். “அங்க வெச்சா எந்திரிச்சுப் போக வெக்கப்படுவாங்க. வெக்கத்துலயே மயங்கி விழுவாங்க. இங்கயே இருக்கட்டுமுங்க” என்றார். ஓராண்டாக எனக்குள் உறைந்திருந்த சினம் முதன்முறையாகச் சற்று இளகியது அப்போதுதான்.

எட்டு மணிக்கு ஜெபம் தொடங்கியது. இருபத்திரண்டு பேர். ஒலிபெருக்கி இல்லை. ஒன்பதரைக்கு எஸ்தருக்கு 118, பதினொன்றரைக்கு 92. என் பசி பதினொரு மணிக்கு உச்சத்தில் இருந்தது. பன்னிரண்டுக்குத் தானே அடங்கி, தலை தெளிவாக இருந்தது. நாள் முழுவதும் எதையாவது கொறிக்கும் பழக்கம் என்னிடம் எவ்வளவு ஊறியிருந்தது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

ஒன்று பத்துக்கு, சங்கீதம் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, எஸ்தரின் விரல்களைப் பார்த்தேன். அதே நடுக்கம். நான் எழுவதற்குள் அவள் கையை உயர்த்தினாள்.

“அக்கா, எனக்குக் கை நடுங்குதுங்க.”

வாசிப்பு நின்றது. கருவி 66 காட்டியது. எஸ்தர் முக்காலி வரை அக்காவின் கையைப் பிடித்து நடந்து, எல்லோர் முன்னாலும் டம்ளரைக் காலி செய்தாள். “ஸ்தோத்திரமுங்க” என்றார் ரூத் அக்கா, மருந்துச் சீட்டு வாசிக்கும் குரலில்.

பின்வரிசைப் பெரியவர் ஒருவர், “சக்கர பத்துச்சுங்களா அம்மணி? போன வாரம் நான் குடிச்சப்ப வெறும் தண்ணியாட்டந்தான் இருந்துது” என்றார். கூடம் சிரித்தது. விட்ட வசனத்திலிருந்து வாசிப்பு தொடர்ந்தது. கால் மணி நேரத்தில் 94. பிறகு அவளுக்குக் கஞ்சி வந்தது. அதே இடத்தில், ஜெபிப்பவர்கள் நடுவில் உட்கார்ந்து குடித்தாள். மூன்று மணிக்கு மற்றவர்களுக்கு அரிசிம்பருப்புச் சோறு.

திரும்பும் பேருந்தில், பாதியில் முடிந்ததில் வருத்தமா என்று கேட்டேன். “பாதியா? போன வருசம் சொல்லாம உட்டத இந்த வருசம் சொல்லிப்போட்டனுங்க. எனக்கு அதுதானுங்க உபவாசம்” என்றாள்.

செல்ல நினைப்பவர்களுக்கு: மருத்துவரின் எழுத்து இல்லாமல் புறப்படாதீர்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், வெறும் வயிற்றில் விழுங்கவும் வேண்டாம். குளுக்கோமீட்டர், தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். மாலை நாலரை மணிக்குச் சத்தியமங்கலத்தில் ஏறினால் ஏழு மணிக்குள் வீடு திரும்பலாம். எந்த உபவாசக் கூட்டத்துக்குப் போனாலும், உள்ளே நுழைந்தவுடன் சர்க்கரைத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். காட்ட மறுத்தால், பிரசங்கியார் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.