பொட்டி வாங்க வந்தவர்கள்

பிளாஸ்டிக் கடையில் வந்து "பொட்டி இருக்கா?" என்று கேட்டால், கேட்பது உடுப்பு அடுக்கும் பெட்டியா, பிள்ளை கக்கூசுக்கு உட்காரும் பொட்டியா என்று ஆளின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். தூங்காத முகம் என்றால் இரண்டாவது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்துக்கொண்டே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் நான். ஈரத்துணி அலசி அலுத்த தாய்மாரே, இது உங்களுக்குத்தான்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை

தெமோதரைத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளை பொட்டியில் உட்காரப் பழகிவிட்டதாம், இவனும் உடனே பழக வேண்டுமாம். பையன் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான். "கால்சட்டை நனைஞ்சா அவனுக்குத் தெரியுதா?" என்று கேட்டேன். "நனைஞ்சதோடயே சிரிச்சுக்கிட்டு ஓடுவான்" என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். கேட்கவில்லை. நீலப் பொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டுதான் போனாள்.

அடுத்த கிழமை வந்து நின்றாள். பையன் அதில் உட்காரவே இல்லையாம். தலையில் கவிழ்த்துக்கொண்டு லயம் பூராவும் சுற்றுகிறானாம். "இதவிடப் பெரிய சைஸ் இருக்காக்கா? தலைக்கு எறங்க மாட்டேங்குதுன்னு அழுவுறான்."

பேசின்களுக்குப் பின்னால்

பண்டாரவளையில் மரக்கறி வியாபாரம் செய்யும் ஒருவர், இரண்டு வயது தாண்டிய மகளோடு வந்தார். ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியானாள். அடுக்கியிருந்த பேசின்களுக்குப் பின்னால் போய், முகத்தை இறுக்கிக்கொண்டு குந்தினாள்.

"பாருங்க, வீட்டுலயும் கதவு மறைவுல இப்படித்தான். அப்புறம் வந்து கழுவச் சொல்லுவா. நான் ஏசாத நாளில்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரப்போவது தெரிகிறது, மறைவு தேடத் தெரிகிறது, கழுவச் சொல்லவும் தெரிகிறது. இனி இடத்தைக் காட்டினால் போதும் என்றேன். மனிதர் பேசின்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "அப்ப இவ இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாளா?"

சிவப்புப் பொட்டி

இது சிரிக்கிற கதையாகத் தொடங்கவில்லை. நிறைமாத வயிற்றோடு ஒருத்தி வந்தாள். சின்னது பிறப்பதற்குள் மூத்தவனைப் பழக்கிவிடும் அவசரத்தில், பிடித்து உட்காரவைத்து, ஒருநாள் அடித்தும்விட்டாளாம். அன்றிலிருந்து பையன் அடக்கிக்கொள்கிறான். வயிறு இறுகி, போகும்போதெல்லாம் கத்துகிறான். சொல்லும்போதே அழுதாள். "முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. பொட்டிய அவன் கண்ணுல படாம வச்சிருங்க. அவனா கேக்கட்டும்" என்றேன்.

கைக்குழந்தையோடு அவள் மறுபடி வந்த அன்று கடை நிறையச் சனம். பையன் அவள் கையை இழுத்தான். "அம்மா, வருது!" அவள் திரும்புவதற்குள் தானே கால்சட்டையை இறக்கி, விற்பனைக்கு வைத்திருந்த சிவப்புப் பொட்டியில் உட்கார்ந்துவிட்டான். "இப்ப அவனேதான் சொல்றான்க்கா" என்றாள், கண் கலங்கச் சிரித்துக்கொண்டே. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அவனையே பார்த்தோம். பொட்டியில் உட்கார்ந்திருந்த துரை எங்களை ஒரு சுற்றுப் பார்த்து அதட்டினார்: "எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்க!"

இந்த வியாபாரத்தில் சரக்கைத் தயாராக வைப்பது மட்டும்தான் கடைக்காரியின் வேலை, நாள் குறிப்பது உட்காருகிறவர்தான்.