கமலநாயகி வீட்டுக் கறுப்புச் சட்டங்கள்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், மலைச்சரிவில் ஏறும் ஒரு வீதியின் திருப்பத்தில் கமலநாயகியின் வீடு நிற்கிறது. செங்குத்தான கூரை. முறுக்கிக் கட்டிய செங்கல் புகைபோக்கிகள். சாய்சதுரக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தில் கோத்த சின்னச் சின்னச் சன்னல்கள். வெள்ளைச் சுவரில் நெடுக்கும் குறுக்குமாகக் கறுப்பு மரச் சட்டங்கள். இங்கே நாடா ஆலை வைத்திருந்த ஒரு முதலாளி நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்துக்குப் போனாராம். அங்கே பணக்காரர்கள் பழைய ட்யூடர் மன்னர் காலத்து வீடுகளைப் போலப் புதிதாக வீடு கட்டுவதைக் கண்டு, ஆசைப்பட்டு வந்து கட்டினாராம். அந்தச் சட்டங்கள் எதையும் தாங்கவில்லை. செங்கல் சுவரின் மேல் பொருத்திய பலகைகள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார், உண்மையான மரச்சட்ட வீடு வேண்டுமென்றால் எங்கள் கிராமங்களுக்குப் போய்ப் பாருங்கள் என்று. அவருக்கென்ன, அவர் வீடு தீப்பெட்டி மாதிரி இருக்கும்.

கமலநாயகிக்கு அந்த வீடு என்றால் உயிர். அகதி வழக்கு முடியாத காலத்தில் கடை விளம்பரத் தாள்களை வீடு வீடாகப் போட்டுத் திரிந்தபோது முதன்முதல் கண்டாளாம். "இந்த வீடும் வேறை நாட்டு உடுப்பை உடுத்திக்கொண்டு இஞ்சை நிக்குது, யோசப்பின். ஆரும் அதைப் பார்த்து எப்ப திரும்பிப் போறாய் எண்டு கேக்கேல்லை" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். நாங்கள் இரண்டுபேரும் ஒரே ஆசுபத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. இரத்தமும் சீழும் பட்ட விரிப்புகளைத் துவைத்துத் துவைத்து, கடைசியில் அந்த வீட்டைப் புருசன் சிற்றம்பலத்தோடு சேர்ந்து வாங்கினாள். பழமைச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்ட வீடு என்பதால் வெளியே எதைத் தொடுவதானாலும் நகராட்சிக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதி அனுமதி வாங்க வேண்டும். அந்த விதிகளை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

2006ஆம் ஆண்டு கோடையில் மகள் லக்சிகாவுக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை டுசல்டோர்ஃப் பொடியன். கூறைச் சீலை எடுக்கப் பாரிசுக்குப் போனோம், கமலநாயகியும் லக்சிகாவும் நானும். ஞாயிறு பின்னேரம் திரும்பி வந்து வீதித் திருப்பத்தில் இறங்கினால், வீட்டைக் காணவில்லை. அதாவது வீடு நிற்கிறது, சட்டங்களைக் காணவில்லை. முகப்பு முழுக்கப் பால் வெள்ளை. ஓரங்களுக்கு மஞ்சள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏணியில் தம்பித்துரை அண்ணை நின்றார். சிற்றம்பலத்தின் ஊர்க்காரர், எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர், இந்த ஊரில் நடக்கும் கலியாணம் எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பென்று நினைக்கும் மனிசர். அவரோடு சங்கத்து ஆண்கள் நாலைந்து பேர். முற்றத்தில் ஆட்டிறைச்சிக் கறி கொதித்தது. சிரமதானமாம், கூலியில்லாமல் கூடிச் செய்யும் உதவியாம்.

"எப்பிடித் தங்கச்சி, மங்களமாய் இருக்கோ?" என்று ஏணியில் நின்றபடியே கேட்டார்.

"ஆரைக் கேட்டுச் செய்தனீங்கள்?"

"சிற்றம்பலம் ஓம் எண்டவன்."

சிற்றம்பலம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கலியாண வீட்டு முகப்பிலை கறுப்பு ஆகாது" என்றார் தம்பித்துரை அண்ணை. "பொம்பிளை பார்க்க வந்தண்டு மாப்பிள்ளையின்ரை தாய் நிமிர்ந்து பார்த்துப்போட்டு முகம் சுழிச்சவ. நான் கண்ணாலை கண்டனான். சம்பந்தம் குழம்பினால் ஆர் பொறுப்பு?"

லக்சிகாவின் முகம் செத்துப்போனது. பிள்ளையின் கலியாணத்தை இழுத்துவிட்டால் எந்தத் தாயும் வாயை மூடத்தான் வேண்டும், அது தம்பித்துரை அண்ணைக்குத் தெரியும். ஆனாலும் கமலநாயகி ஒன்று கேட்டாள்.

"குழந்தையின்ரை கன்னத்திலை நாவூறு படாமல் வைக்கிற பொட்டு என்ன நிறம், அண்ணை?"

"அது வேறை, இது வேறை" என்று சொல்லிவிட்டு அவர் மஞ்சளைத் தீட்டத் தொடங்கினார்.

அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். முகப்பைப் பார்த்தாள், பிறகு கமலநாயகியின் சேலையைப் பார்த்தாள். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "உங்கள் பண்பாட்டில் பிரகாசமான நிறங்கள் முக்கியம் என்பது எனக்குப் புரிகிறது, திருமதி சிற்றம்பலம். ஆனால் இது ஜெர்மனி."

"இது பண்பாடு இல்லை" என்றாள் கமலநாயகி, ஜெர்மன் மொழியில். "இது என்னைக் கேட்காத ஆண்கள்."

அந்தப் பெண் அதை எழுதிக்கொள்ளவில்லை. கோடை முடிவதற்குள் சட்டங்கள் பழையபடி கறுப்பாக வேண்டும் என்று உத்தரவிட்டுப் போய்விட்டாள். செய்தவர்கள் கறி தின்றுவிட்டுப் போய்விட்டார்கள், ஏச்சு வாங்கியவள் இவள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்குத் தம்பித்துரை அண்ணை கையில் அகப்பட்டிருந்தால் சலவை இயந்திரத்தில் போட்டுச் சுற்றியிருப்பேன்.

கமலநாயகி குசினியில் வந்து இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"என்ரை வீட்டிலை எனக்கொரு சொல் இல்லையெண்டால் நான் ஏன் இந்த வீட்டை வாங்கினனான்?" என்றாள். பிறகு எழுந்து டுசல்டோர்ஃபுக்குத் தொலைபேசி எடுத்தாள். "சம்பந்தி, மறைக்காமல் சொல்லுங்கோ. எங்கடை வீட்டுக் கறுப்பு உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?"

மாப்பிள்ளையின் தாய் போட்ட சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"ஐயோ, ஆர் சொன்னது? என்ரை மனுசன் அந்த முகப்புக்கு முன்னாலை நிண்டு படமெடுத்துக் கனடா வரைக்கும் அனுப்பிப்போட்டார். அண்டைக்கு எனக்குப் பல்லு நோவு. காத்துப் பட்டதும் விண் விண் எண்டு குத்தினது."

பல்லு நோவு! ஒரு மனிசியின் பல்லு நோவைப் பார்த்து ஒரு வீட்டையே வெள்ளையடித்திருக்கிறார். அவளையும் கேட்கவில்லை, இவளையும் கேட்கவில்லை. தாங்களாக ஒன்றை நினைத்து, தாங்களாக முடிவெடுத்து, அதற்கு மங்களம் என்று பெயரும் வைத்துவிடுவார்கள்.

கமலநாயகி தம்பித்துரை அண்ணையை வீட்டுக்கு அழைத்தாள். தேநீர்கூடக் கொடுக்கவில்லை.

"அண்ணை, கலியாணத்துக்குக் கன்னிக்கால் நடுறது நீங்கள்தான். நான் மாத்தேல்லை. ஆனால் அதுக்கு முதல் இந்தப் பலகையளிலை ஒரு பொட்டு வெள்ளை இருக்கக் கூடாது. சுரண்டிறதும் நீங்கள், கறுப்பு அடிக்கிறதும் நீங்கள். ஏலாதெண்டால் சொல்லுங்கோ, வேறை ஆக்களைக் கன்னிக்கால் நடக் கேக்கிறன்."

"தங்கச்சி, எனக்கு முழங்கால் ஏலாது..."

"ஏணியிலை நிண்டு வெள்ளையடிக்கேக்கை ஏலுமாய் இருந்ததே."

சிற்றம்பலம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்களும்தான்" என்றாள்.

கலியாணப் பந்தலுக்கு முதல் தடி நட்டுப் பால் வார்ப்பதுதான் கன்னிக்கால்; கலியாணத்தில் முதல் மரியாதை அதை நடுபவருக்குத்தான். இந்த ஊரில் அதை வேறொருவருக்குத் தம்பித்துரை அண்ணை விட்டுக்கொடுத்ததே இல்லை. ஆகவே வந்தார். சூடுகாற்றுக் கருவியால் சாயத்தை இளக்கி, தகட்டுக் கரண்டியால் சுரண்டினார்கள். பிறகு ஆளிவிதை எண்ணெயில் கரி குழைத்த கறுப்பை இரண்டு தரம் பூசினார்கள். கமலநாயகி கதிரை போட்டுக் கீழே இருந்து பார்த்தாள். விட்ட இடத்தைக் கையால் காட்டினாள். அந்த நாட்களில் கறியும் இல்லை, சிரமதானம் என்ற பேச்சும் இல்லை. நகராட்சிப் பெண் திரும்பி வந்து, பார்த்து, தலையாட்டிப் போனாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லைபோலும்.

கன்னிக்கால் நடும் காலை. தம்பித்துரை அண்ணை பட்டு வேட்டியும் சால்வையுமாக வந்தார். கைகளைச் சால்வைக்குள் ஒளித்து வைத்திருந்தார். அந்த எண்ணெய்க் கறுப்பு லேசில் போகாது. சவர்க்காரம் போட்டும் மண்ணெண்ணெய் போட்டும் நகக்கண் எல்லாம் கன்னங்கரேலென்று கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் சுற்றி நின்றார்கள். மேலே சட்டங்கள் பழையபடி கறுத்து மினுங்கின.

தடிக்குப் பால் வார்க்கிற நேரம் வந்தது. அவர் கையை வெளியே எடுக்கத் தயங்கினார். கமலநாயகி பால் செம்பைக் கொண்டுபோய் எல்லாரும் பார்க்க அவர் முன்னால் நீட்டினாள்.

"ரெண்டு கையாலையும் பிடியுங்கோ, அண்ணை" என்றாள் உரத்து. "கறுப்புத்தானே, பிள்ளைக்கு நாவூறு படாது."