பெட்டி வந்தா யாரு பிரிப்பாங்க?

ஜெசிந்தா அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, அவருக்கு நான் அனுப்பிய பெட்டி எங்கே இருக்கிறது என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை வெண்ணந்தூர் தபால் நிலையத்தில் போட்டது. சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் காட்டியது. "அப்பாடா, நாளைக்கு அக்கா கைக்குப் போயிரும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். தறிச் சத்தத்தில் என் வீட்டுக்காரருக்குக் கேட்கவில்லை. அப்போதுதான் நம் செடிக் குழுவில் அவருடைய மகள் மெர்சியின் குரல் பதிவு வந்து விழுந்தது. அம்மா காலையில் இறந்துவிட்டார், அடக்கத்துக்குச் சேலம் கொண்டுவருகிறோம் என்று அந்தப் பெண் அழாமல் சொல்ல முயன்றிருந்தாள். முடியவில்லை. பெட்டி சென்னைக்குப் போய்ச் சேர்ந்த அன்று, அவர் சென்னையிலிருந்து கிளம்பிவிட்டார்.

நம் குழுவில் பலர் அக்காவை நேரில் பார்த்ததில்லை. பெட்டியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஓரமெல்லாம் இரட்டை டேப்பு. பெறுநர் முகவரி எவ்வளவு பெரிதோ, அனுப்புநர் முகவரியும் அவ்வளவு பெரிது. திறந்தவுடன் பூவின் வண்ணப் படம், அதற்குக் கீழே முட்டை அட்டை, அதற்கும் கீழே துணியில் சுற்றிய வேர். சேலத்தில் ஒரு தபால் நிலையத்தை ஒட்டி அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். "ஏனுங்க, இதை எதுல அனுப்பறது?" என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அவருக்கு அந்தக் கலை கைவந்தது. தன் மொட்டை மாடிச் செடிகளையும் அப்படியே ஊர் ஊராக அனுப்பத் தொடங்கினார். அந்தக் கைக்குப் பிழைப்பு ஜெராக்ஸ், உயிர் செடி என்று நான் கிண்டல் செய்வேன்.

எங்கள் அறிமுகமே ஒரு சண்டை. அவர் கேட்ட பன்னீர் ரோஜாக் கன்றை நான் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். கண்டக்டரிடம் கொடுத்தால் போகிற நேரத்தில் போய்விடும், தபாலாவது ஒன்றாவது என்று எனக்குப் பெரிய எண்ணம். அந்த நல்ல மனுசன் கன்றைக் கூட்டம் மிதித்துவிடக் கூடாதே என்று டிரைவர் பக்கத்தில் இஞ்சின் பெட்டியின் மேல் பத்திரமாக வைத்திருக்கிறார். சித்திரை வெயில் வேறு. சேலத்தில் இறங்கியபோது கன்று வெந்திருந்தது. சாயங்காலம் போன் வந்தது.

"செல்விங்களா? நீங்க செடி அனுப்புனீங்களா, கீரை கடைஞ்சு அனுப்புனீங்களா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ரண்டு மணி நேரத்துல அனுப்புனனுங்க, இதைய விட வேகமா ஆரு அனுப்புவாங்க?" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு. "வேகமா வந்து என்ன பண்றது சாமி, வெந்துல்ல வந்திருக்கு!" என்றார். கோபத்தோடு போனை எடுத்தவள் சிரித்துக்கொண்டே வைத்தேன். அன்று முதல் அவர் எனக்கு அக்கா.

கூரியரா, தபாலா, பஸ்ஸா என்று குழுவில் அடிக்கடி அடித்துக்கொள்வோமே, அதில் அக்கா எந்தக் கட்சியும் இல்லை. "தபால் கட்சி" என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான், அது முழு உண்மையில்லை. டவுனுக்குள் ஆபீசுக்குப் போகிற பெட்டி என்றால் கூரியரில்தான் போடுவார். ஊரைத் தாண்டித் தோட்டம் காட்டுக்குள் வீடு என்றால் தபால். ரோஜாக் குச்சி ரெண்டு நாளில் போகாது என்று தெரிந்தால் அனுப்பவே மாட்டார், எவ்வளவு கெஞ்சினாலும். "செடி எத்தனை நாள் தாங்கும்னு மொதல்ல பாரு, அப்புறம் வண்டியைப் பாரு" என்பார். சனி ஞாயிறு பெட்டி எங்கேயாவது மூலையில் கிடந்துவிடும் என்று திங்கட்கிழமை தவிர வேறு கிழமையில் தபாலில் போட்டதில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் கடைசியாக ஒரு கேள்வி கேட்பாரே, "பெட்டி வந்தா யாரு பிரிப்பாங்க?" என்று, அது எங்கிருந்து வந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அதற்குக் காரணம் நானும் என் சிவப்பு நூலும்தான்.

சேலம் பக்கம் இளம்பிள்ளை ஊரில் ஒரு பெண் அக்காவிடம் அடினியம் கேட்டாள், நம் பாலைவன ரோஜாதான். அடினியம் எப்படிப் போகும் என்று தெரியுமே: மண்ணை உதறி, இலையைக் கிள்ளி, வெறும் கிழங்கும் குச்சியுமாகத் துணியில் சுற்றி அனுப்ப வேண்டும். அந்த வாரம் நானும் சேலம் போயிருந்தேன். துணி அவிழாமலிருக்க எங்கள் தறிக் கழிவிலிருந்து கொண்டுபோன நல்ல சிவப்பு நூலை வரிந்து வரிந்து கட்டினேன். பெட்டி போனபோது அந்தப் பெண் வேலைக்குப் போயிருந்தாள். வாங்கிப் பிரித்தது மாமியார். யோசித்துப் பாருங்கள்: அனுப்பியவர் பெயர் இருந்தாலும் ஆள் யாரென்று தெரியாது, உள்ளே வெள்ளைத் துணி, சிவப்பு நூல், அதற்குள் கையும் காலுமாகப் பிரிந்த ஒரு வேர்! அந்தம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டதாம். யாரோ மருமகள் மேல் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று, எலுமிச்சம் பழத்தோடு அதை முச்சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார்களாம்.

அக்கா அந்த மாமியாருக்கே போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "அம்மா, அது செய்வினை இல்லீங்க, அடினியம்ங்க" என்கிறார். அந்தப் பக்கம், "எந்த யமனா இருந்தாலும் எங்கூட்டுக்கு வேண்டாமுங்க" என்கிறார் அந்தம்மா. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு, "பாவம், அந்தம்மா பயந்துட்டாங்க. தப்பு நம்ம மேல. பொண்ணு கேட்டான்னு அனுப்பினோம், பிரிக்கிறது யாருன்னு கேக்கலையே" என்றார். அடுத்த பெட்டியிலிருந்து மேலே பூவின் படம் வந்தது அதனால்தான். எதில் அனுப்புவது, எந்த நாள் அனுப்புவது என்பதையெல்லாம் அந்தக் கேள்வியின் பதிலை வைத்துத்தான் அதன்பிறகு முடிவு செய்தார்.

இன்னொன்றும் சொல்வார். "தபால்ல போற பெட்டிக்கு ரெண்டு ஊரு சாமி. போற ஊரு ஒண்ணு, திரும்பற ஊரு ஒண்ணு. ரெண்டுக்கும் சேர்த்துக் கட்டு." முகவரி மாறலாம், கதவு பூட்டியிருக்கலாம், வாங்க வேண்டியவர் ஊரில் இல்லாமல் போகலாம். போகும் வழிக்கு மட்டும் கட்டினால் திரும்பி வரும்போது உள்ளே பிணம்தான் இருக்கும் என்பார். அனுப்புநர் முகவரியை அவ்வளவு பெரிதாக எழுதியது பெருமைக்கு அல்ல.

அவருடைய மாடியில் ஓர் அடினியம் இருந்தது. வெள்ளைப் பூ, ஓரத்தில் மட்டும் குங்குமம் தொட்டு இழுத்தது போல ஒரு கோடு. அவர் கணவர் இருந்த காலத்தில் விதை போட்டு வந்தது. விதையில் வருவது எந்த நிறத்தில் வரும் என்று சொல்ல முடியாது, அந்தப் பூ வேறு எங்கும் வரவில்லை. அதிலிருந்து ஒரு கொப்பை எனக்கு ஒட்டுக் கட்டிக் கொடுத்திருந்தார். போன வருடம் அக்கா முதன்முதலாக ஆஸ்பத்திரியில் படுத்தபோது, மெர்சி சென்னையிலிருந்து வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அம்மாவின் செடியாயிற்றே என்று எல்லாத் தொட்டிக்கும் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அடினியம் அன்பைத் தாங்காது. அக்கா வீடு திரும்பியபோது மரம் அடியில் அழுகிக் கூழாகியிருந்தது. நான் பார்க்கப் போனபோது தொட்டி காலி. "மெர்சிகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "மழைக்குப் போயிருச்சுன்னு சொல்லிட்டேன். நீயும் அப்படியே சொல்லு" என்றார். சரி என்றேன்.

பிறகு வைத்தியத்துக்காக மகளோடு சென்னைக்கே போய்விட்டார். ஒரு நாள் கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது.

"இங்க பால்கனியில நல்ல வெயில் வருது செல்வி. அந்த வெள்ளையில ஒரு கொப்பு அனுப்பறியா?"

"கொப்பு என்னத்துக்குங்கக்கா, ஒட்டுக் கட்டுன கன்னாவே அனுப்பறேன். கூரியர்ல போட்டா நாளைக்கே வந்துரும்."

"நாளைக்கு ஆஸ்பத்திரி. இந்த வாரம் பூராவும் போக்குவரத்துதான். வீடு பூட்டியிருக்கும். திங்கக்கிழமை தபால்ல போடு, வர்றப்ப நான் வீட்டுல இருப்பேன்."

"செரி, பெட்டி வந்தா ஆரு பிரிப்பாங்க?" என்று அவர் கேள்வியை அவரிடமே போட்டேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாகி நின்றது. "நான்தான். வேற ஒருத்தரையும் தொட விடமாட்டேன்."

சொன்னபடி ஒட்டுக் கன்று அனுப்பினேன் என்று சொல்ல ஆசைதான். ஏற்கெனவே கட்டியவை எதுவும் பிடித்திருக்கவில்லை, புதிதாகக் கட்ட நேரமும் இல்லை. ஆகவே என்னிடம் இருந்த அந்த ஒரே மரத்தைத் தொட்டியோடு கவிழ்த்து, மண்ணை உதறி, முழுசாகவே கட்டிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. ஒரு சின்னக் கன்று வரும் என்று நினைத்துத் திறக்கிறவர் மரத்தையே பார்க்கட்டும் என்று நினைத்தேன். முட்டை அட்டை வைத்தேன், பூவின் படம் வைத்தேன். ரெண்டு ஊருக்கும் சேர்த்துத்தான் கட்டினேன், பழக்கம் அப்படி.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். மாதா கோயிலில் எல்லாரும் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்க, நான் அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். உங்க பேச்சைக் கேட்டேனே, கூரியரில் போட்டிருந்தால் பூட்டிய வீட்டு வாசலிலாவது கிடந்திருக்குமே, ராத்திரி வந்து பார்த்திருப்பீர்களே, நாளும் கிழமையும் பார்த்து என்ன கண்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. போக வேண்டும் என்றும் இல்லை. மெர்சியிடம் பெட்டியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அவள் இருந்த நிலையில் செடியைப் பற்றி என்ன பேசுவது? காரியமெல்லாம் முடிகிற வரை அவர்கள் சேலத்திலேயே இருந்தார்கள். கைப்பேசி, கதவு பூட்டியிருக்கிறது என்று காட்டியது. பிறகு பெட்டி திரும்புகிறது என்று காட்டியது. அதன்பிறகு நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். உள்ளே இருப்பது அந்தப் பூவின் கடைசி மரம். அதுவும் செத்துக் கிடப்பதைப் பிரித்துப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

பெட்டி வந்தது. தபால்காரர், "உங்க பெட்டி உங்களுக்கே வந்திருக்குங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். ஒரு மூலை நசுங்கியிருந்தது. என் கையெழுத்தில் என் முகவரி, பெரிதாக. அதைச் சமையல் மேடையில் வைத்துவிட்டுச் சோறு வடித்தேன், குழம்பு தாளித்தேன், பாத்திரம் கழுவினேன். "பிரிச்சுத்தான் பாரேன்" என்றார் என் வீட்டுக்காரர். "ஏன், நீங்க பிரிக்கிறது" என்று எரிந்து விழுந்தேன். அவர் தறிக்குப் போய்விட்டார்.

கடைசியில் நான்தான் பிரித்தேன். மேலே பூவின் படம், ஓரத்தில் அந்தக் குங்குமக் கோடு. முட்டை அட்டையை எடுத்தேன், துணியை அவிழ்த்தேன். முளைத்திருந்த துளிர் இருட்டில் வெளுத்துப் போயிருந்தது. கிழங்கு கொஞ்சம் சுருங்கியிருந்தது. அடித்தண்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். அழுகல் இல்லை. எங்குமே இல்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அடக்கத்தன்று அழாத அழுகையை அப்போது அழுதேன்.

பெட்டியைக் குழுவில் படம் எடுத்துப் போட்டேன், நீங்கள் பார்த்திருப்பீர்கள். பலர் கொப்பு கேட்டீர்கள். யாருக்கும் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். படத்தைப் பார்த்த மெர்சி அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, அது எனக்கு வேணும்."

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரு மரத்தைக் கொன்றவளிடம் இன்னொன்றைக் கொடுப்பதா? ஆனால் அக்காவுக்குக் கொடுத்த வாக்கு. "முந்தியது மழைக்குப் போயிருச்சு கண்ணு. இதைப் பதனமாப் பாக்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

"அந்த மாசம் சேலத்துல மழையே பெய்யல ஆன்ட்டி" என்றாள். "அம்மா மழைன்னு சொன்னாங்க. நானும் ஆமான்னு தலையாட்டிட்டேன். கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் அதைப் பேசவே இல்ல."

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், செடி இல்லை, அது எப்போதும் ஊர் மாறிக்கொண்டே இருப்பது. ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொண்டேன். அவர் இல்லாமல் அதை முதன்முதலாகக் கேட்டது அவர் மகளிடம்.

"பெட்டி வந்தா ஆரு பிரிப்பாங்க, மெர்சி?"

"நான்தான் ஆன்ட்டி" என்றாள். "பிரிச்சுட்டு தண்ணி ஊத்த மாட்டேன்."

திங்கட்கிழமை தபாலில் போடுகிறேன் என்று சொன்னேன்.