முடியில்லாத எலிக்கு இரண்டு நிமிடம்

என் பத்து வயது மகள் மிருகக்காட்சிசாலையில் அந்த எலியைப் பார்த்த நாளிலிருந்து வேறெதையும் பேசவில்லை. உடம்பில் முடி கிடையாது. இளஞ்சிவப்புத் தோல், வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் போலச் சுருக்கம். ஆபிரிக்காவில், காய்ந்து இறுகிய மண்ணுக்கு அடியில் வளை தோண்டி வாழ்வது. தமிழ்ப் பள்ளிப் பேச்சுப்போட்டியில் அதைப் பற்றித்தான் பேசுவேன் என்று அடம்பிடித்தாள்.

"உனக்கு நாய், பூனை ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"ப்ளீஸ் அப்பா. ஒருத்தருக்கும் அதைத் தெரியாது. நான்தான் சொல்லவேணும்."

சரி என்றேன். ஆனால் எங்கள் சனத்தின் வழக்கம் தெரியும்தானே? பிள்ளையின் பேச்சைப் பிள்ளை எழுதுவதில்லை. அப்பன் எழுதுவான், பிள்ளை பாடமாக்கும். நானும் எழுதித் தொலைத்தேன். அவைத்தலைவருக்கு வணக்கம், நீதி வழுவாத நடுவர்களுக்கு வணக்கம், ஆசிரியர், பெற்றோர், சக மாணவர் என்று ஆளுக்கொரு வணக்கம். பிறகு தமிழின் தொன்மை. அதற்கும் பிறகுதான் எலி.

"எலி எப்ப அப்பா வரும்?"

"வரும், வரும். முதல் இதைப் பிழையில்லாமல் சொல்லு" என்று அதட்டினேன். மணிக்கூட்டைப் பார்க்கத் தோன்றவில்லை, மடையன்.

இல்ஃபோர்டில் ஒரு பாடசாலை மண்டபத்தில் போட்டி. ஒருவருக்கு இரண்டு நிமிடம். வணக்கங்களையும் தமிழின் தொன்மையையும் ஒரு பிசகில்லாமல் சொன்னாள். "நான் பேச வந்த எலிக்கு உடம்பில் முடி இல்லை" என்றாள். மணி அடித்தது. திறந்த வாயோடு என்னைப் பார்த்தாள். நடுவர் இறங்கும்படி கைகாட்டினார். எனக்கு வந்த எரிச்சல்! பக்கத்துக் கதிரைக்காரர் வேறு தோளில் தட்டி, "என்ன தமிழ், அண்ணை! பிள்ளை விளாசித் தள்ளிட்டாள்" என்றார். அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது.

செவன் கிங்ஸில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குச் சொல்லு பிள்ளை, கேப்பம்" என்றேன்.

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "பல்லு வாய்க்கு வெளியில இருக்கும். சொண்டைப் பல்லுக்குப் பின்னால மூடிக்கொண்டு பல்லால தோண்டும், அப்ப மண் வாய்க்குள்ள போகாது. கண் வடிவாத் தெரியாது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ஸ்பீட்டில ஓடும். நித்திரைக்கு ஒரு அறை, டொய்லெட்டுக்கு வேற அறை."

பஸ் இரண்டு தரிப்பிடம்கூடத் தாண்டவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். அதில் ஒரு சொல்லும் நான் எழுதியதில்லை.

"அடுத்த வருசம் இதையே சொல்லுவம், என்ன?" என்றேன்.

"நான் சொல்லுறன்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. "நீங்கள் வரவேண்டாம்."