மைதானத்தைப் பார்த்த லாட்ஜ்

போன வாரம் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும் கைப்பேசியை என் முன்னால் நீட்டினான். அவன் இருக்கும் பக்கத்தில் யாரோ பெரிய கிரிக்கெட் மைதானம் கட்டப் போகிறார்களாம். அதை ஒட்டி நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஓட்டல் கட்ட இடம் பார்த்திருக்கிறார்கள். "மாமா, நீங்க நாப்பது வருஷம் கட்டட வேலையில இருந்தவரு. கட்டலாமா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான்.

திரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். சாலை இருந்தது, கார் நிறுத்துமிடம் இருந்தது, பச்சை வட்டமாக மைதானம் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். கிழவனுக்கு மூளை மந்தமாகிவிட்டது என்று நினைத்திருப்பான். நினைத்துக்கொள்ளட்டும். எனக்கோ அந்த நேரத்தில் நனைந்த கம்பளியின் வாசனை வந்துவிட்டது.

கிரிக்கெட்டுக்கும் கம்பளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. எங்கள் திருவண்ணாமலையில் அன்று கிரிக்கெட்டைச் சீந்துவார் கிடையாது. எல்லாம் பால் பேட்மிண்டன்தான். மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய சின்னப் பந்து, மர மட்டை, பக்கத்துக்கு ஐந்து பேர். கோடையில் பத்து நாள் போட்டி நடக்கும். தூசி அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போடுவார்கள். ஈரத்தில் விழுந்து விழுந்து பந்து ஒரு மாதிரி ஆட்டுக்கிடை வாசனை அடிக்கும். நானும் ஆடியிருக்கிறேன். ஆடினேன் என்று சொல்வதைவிட, வெளியே போன பந்துகளை மற்றவர்களைவிட அதிகமாக ஓடிப்போய் எடுத்தேன் என்று சொல்வதுதான் நியாயம்.

அந்தப் போட்டியை நடத்தியவர் காதர் பாய். தேரடி வீதிப் பக்கம் இரும்புக்கடை வைத்திருந்தார். ஆணி, கீல், தாழ்ப்பாள், வாளி என்று வீடு கட்டுகிறவர்களுக்கு வேண்டியது எல்லாம் அங்கே கிடைக்கும். அவர் தாத்தா காலத்திலிருந்தே அந்தக் கடை இருந்தது. அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். நல்ல ஆட்டக்காரர். முட்டி போன பிறகு மட்டையை வைத்துவிட்டுப் போட்டி நடத்த ஆரம்பித்தார். நான் பாலிடெக்னிக் முடித்து, ஒரு கட்டட காண்ட்ராக்டரிடம் பிளான் வரைகிற வேலையில் இருந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். காண்ட்ராக்டருக்குச் சாமான் வாங்கப் போய்ப் போய், கடையில் ஆணிப் பெட்டி மேல் உட்கார்ந்து பந்தாட்டம் பேசுகிற அளவுக்கு உரிமை வந்துவிட்டது.

வெளியூர் டீம்கள் வந்தால் பள்ளிக்கூட வகுப்பறையில்தான் படுக்கை. இரண்டு பெஞ்சை இழுத்துச் சேர்த்து, நடுவில் இருக்கும் பிளவில் முதுகெலும்பைப் பொருத்திக்கொள்ள வேண்டும். எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், கோப்பை வாங்கிய டீமின் கேப்டன் மைக்கில் நன்றி சொல்லிவிட்டு, "அடுத்த வருஷம் படுக்க இடம் இருந்தா வர்றோம்" என்று முடித்தார். கூட்டம் சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. மறுநாள் நான் கடைக்குப் போனபோது, மைதானத்துக்கு எதிரே அவருக்கு இருந்த காலி மனையின் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"லாட்ஜ் கட்டப் போறேன் தம்பி. பன்னெண்டு ரூம். ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு பால்கனி. பால்கனியில நின்னா ஆட்டம் தெரியணும்."

கடைத்தெருவே அவரைப் பைத்தியம் என்றது. போட்டி பத்து நாள், மீதி நாளைக்கு யார் வந்து தங்குவார்கள்? என் முதலாளியும் அதையே கேட்டார். பாயிடம் பதில் தயாராக இருந்தது. "பத்து நாளைக்குப் பந்து இருக்குது. மீதி நாளைக்கு அண்ணாமலையார் இருக்காரு. அவரைப் பாக்க வர்றவங்க கம்மியா ஆவப் போறாங்களா?"

அவர் கணக்கில் தப்பே இல்லை. இன்றைக்குப் பௌர்ணமிக்கு வருகிற கூட்டத்தைப் பார்க்கிறபோது, அப்படி யோசித்த முதல் ஆட்களில் அவரும் ஒருவர் என்றே சொல்வேன். பிளான் போடும் வேலை எனக்கு வந்தது. நான் தனியாகப் போட்ட முதல் பெரிய பிளான் அதுதான்.

அந்த நாளில் எங்கள் ஊர் லாட்ஜுகளில் வராந்தா கோடியில் பொதுக் குளியலறைதான். காலையில் துண்டும் வாளியுமாக வரிசையில் நிற்பார்கள். நான் அறைக்கு அறை பாத்ரூம் போட்டேன். முன்பக்கம் கிழக்கே பால்கனி, சாலை, அதைத் தாண்டி மைதானம். பின்பக்கம் மேற்குச் சுவரை ஒட்டி வரிசையாகப் பாத்ரூம்கள். மேல்மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே கீழ்த்தளத்துப் பாத்ரூம், எல்லாவற்றுக்கும் கழிவு இறங்க ஒரே குழாய். வரைந்து முடித்துவிட்டு அந்தக் காகிதத்தை நானே எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பாய் ஒரே ஒரு மாற்றம் கேட்டார். தொழுகிற திசை மேற்கு. அந்தப் பக்கம் முகமோ முதுகோ வைத்துக் கக்கூஸில் உட்காரக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். "இருக்கை மட்டும் தெக்கு வடக்கா இருக்கட்டும் தம்பி" என்றார் தயங்கித் தயங்கி. உடனே திருப்பிப் போட்டேன். அவர் மனம் கோணாமல் செய்துவிட்ட பெருமையில், மேற்கில் வேறு என்ன இருக்கிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

மேற்கில் மலை இருக்கிறது. ஊரே சாமி என்று கும்பிடுகிற மலை. கோயிலுக்கு வருகிறவன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கை எடுத்துக் கும்பிடுகிற மலை. பிளானில் சர்வே எண் போட்டிருந்தேன், சாலை, சாக்கடை, மைதானம், மின்கம்பம் கூடக் குறித்திருந்தேன். மலையை எந்தப் பிளானிலும் குறிக்க மாட்டோம். பிறந்ததிலிருந்து கண்ணெதிரே நிற்பதால் அதை நான் பார்ப்பதையே விட்டிருந்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று இதோடு முடித்துவிட ஆசைதான். ஆனால் அது பொய். அடித்தளம் எழும்பியபோது கொத்தனார் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். பாயும் பக்கத்தில் நின்றார்.

"சார், மலைப்பக்கமா கக்கூஸ் வருதே. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

எனக்குச் சுருக்கென்றது. மேஸ்திரி சொன்னது சரி என்று அந்தக் கணமே தெரிந்தது. ஆனால் என் ஒற்றைக் குழாய் போய்விடுமே! "மாத்தினா பால்கனி போயிடும். மூணு எடத்துல குழாய் வரும், சுவரெல்லாம் ஒழுகும். பிளான்ல இருக்கறபடி கட்டுங்க" என்றேன். பாய் என் முகத்தைப் பார்த்தார். "தம்பி படிச்சவரு. அவரு சொன்னபடியே போடு" என்றார் மேஸ்திரியிடம்.

அடுத்த கோடையில் லாட்ஜ் திறந்தது. பன்னிரண்டு அறையிலும் ஆட்டக்காரர்கள். பால்கனிகளில் ஈரப் பனியன்கள் காய, அவற்றின் நடுவே தலைகள் எட்டிப் பார்த்து ஆட்டத்துக்குக் கை தட்டின. முந்தின வருஷம் குத்தலாகப் பேசிய கேப்டன் மாடியிலிருந்து, "பாய், இனிமே சாகற வரைக்கும் வருவேன்" என்று கத்தினார். பாய் சாலையில் நின்று மேலே பார்த்தபடியே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். மைதானத்தின் பக்கத்தில் விடுதி கட்டலாமா என்று அன்று என்னைக் கேட்டிருந்தால், இடமிருந்தால் இன்னொன்றும் கட்டுங்கள் என்றிருப்பேன்.

போட்டி முடிந்த அடுத்த வாரம், ஒரு தண்ணீர்க் கசிவைப் பார்க்கப் போயிருந்தேன். தெற்கத்திப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. பாயே சாவியோடு மாடிக்கு அழைத்துப் போனார். அந்த அம்மாள் பால்கனியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "மலை எங்கண்ணே?" என்றார். பாய் கையைப் பின்பக்கம் காட்டினார். அம்மாள் அந்தப் பக்கமிருந்த கதவைத் திறந்தார். பாத்ரூம். மேலே வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே மலை துண்டு துண்டாகத் தெரிந்தது. கும்பிடக் குவித்த கையை அப்படியே இறக்கிவிட்டார்.

"மொட்டை மாடிக்கு வாங்கம்மா, முழுசா தெரியும்" என்றார் பாய்.

"அது இருக்கட்டும்ணே. எங்களுக்கும் சாமிக்கும் நடுவுல கக்கூஸு இருக்குதே. எப்படித் தங்கறது?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

பிறகு வந்தவர்களும் அப்படித்தான் இறங்கினார்கள். பஸ் நிலையத்து ரிக்‌ஷாக்காரர்கள் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவதையே விட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. இருக்கையைத் தெற்கு வடக்காகத் திருப்பிய கதை எப்படியோ வெளியே கசிந்தது. தன் திசைக்கு மரியாதை பார்த்தவன் நம் மலைக்கு வேண்டுமென்றே இப்படிச் செய்தான் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. அத்தனை வருஷம் அவர் கடையில் ஆணி வாங்கியவர்கள்தான் அப்படிப் பேசினார்கள்.

ஒரு நாள் மாலை கோயில் குருக்கள் ஒருவர் கடைக்கு வந்தார். பாய்க்குப் பல வருஷப் பழக்கம். நான் வழக்கம்போல ஆணிப் பெட்டி மேல் இருந்தேன்.

"பாய், ஊர்ல ஒரு பேச்சு அடிபடறது. நான் நம்பலை. உங்க வாயால கேட்டுட்டுப் போனா, நாலு பேருக்குச் சொல்லுவேன். பிளான் யார் போட்டது?"

பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் சொன்னதைத்தான் போட்டாங்க சாமி. மேக்குன்னா எனக்கு எங்க தொழுகைதான் ஞாபகம் வந்துச்சு. உங்க மலை புத்திக்கு எட்டலை. தப்பு என்னுதுதான்."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பிளான் போட்டது நான், எச்சரித்தும் கேட்காதவன் நான், தினமும் திருநீறு பூசுகிறவன் நான் என்று சொல்லியிருந்தால், வேண்டுமென்றே செய்தார் என்ற பேச்சு அன்றைக்கே செத்திருக்கும். குருக்கள் அதற்காகத்தான் வந்தார். ஆனால் அந்தக் குளியலறை வரிசையைப் பார்த்து முதலாளி எனக்கு இன்னும் இரண்டு கட்டட வேலை கொடுத்திருந்தார். இனி இந்த ஊரில் எவன் என்னிடம் பிளான் கேட்பான் என்ற பயம் வாயைக் கட்டிப் போட்டது. குனிந்து, தரையில் சிதறிக் கிடந்த ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். குருக்கள் படியிறங்கிப் போனார். நான் கோழையாக இருந்தேன். இதற்கு வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பாய் மறுபடி என்னிடம்தான் பிளான் கேட்டார். பாத்ரூம்களை முன்பக்கம் மாற்றி, மலைப்பக்கம் ஜன்னல் வைக்க வேண்டும். மேல்மாடியில் இரண்டு அறை மாற்றுவதற்குள் கையிருப்பு கரைந்துவிட்டது. பயந்துபோய் மாற்றுகிறான் என்று அதற்கும் பேசினார்கள். இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தார். பிறகு லாட்ஜையும் கடையையும் விற்றுவிட்டு, மச்சான் இருந்த ஆம்பூருக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். போகும்போது எனக்கு ஒரு டேப் கொடுத்தார், அளவெடுக்கிற இரும்பு டேப். ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

எண்பதுகளின் கடைசியில், மனசு கேட்காமல் ஆம்பூருக்குப் போனேன். கடைத்தெருவில் விசாரித்துக்கொண்டு போனால், அதே மாதிரி ஒரு இரும்புக்கடை. உள்ளே அதே மூக்கோடு ஒரு இளைஞன், பாயின் மகன். பெயரைச் சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டான்.

"அத்தா போயி நாலு வருஷம் ஆவுது சார். உங்களைப் பத்தி ஜாஸ்தி சொல்லுவாரு."

"இன்னா சொல்லுவாரு?"

"அந்தப் புள்ள அப்பவே மலைப்பக்கம் வேணாம்னு சொல்லுச்சு, நான்தான் கேக்கலைன்னு. கடைசி வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாரு."

டீ வந்தது. தம்ளரை ஓரமாக வைத்தேன். அன்றைக்கு ஆணி பொறுக்கியவன் இன்றைக்காவது வாயைத் திறந்துவிட வேண்டும் என்று, எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டாம் என்றது மேஸ்திரி, நான் அல்ல. நான்தான் பிடிவாதமாகக் கட்டச் சொன்னேன். குருக்கள் கேட்டபோது பக்கத்தில் இருந்தும் வாய் திறக்கவில்லை. அவன் கடைசி வரை மரியாதையாகக் கேட்டான். பிறகு என் கையைப் பிடித்து, ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னான்.

"இருக்கட்டும் சார். எங்க அத்தா பொய் சொல்ல மாட்டாரு."

எங்கள் ஊர் மைதானத்தில் முதலில் ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி வந்தது, பிறகு கடைகள் வந்தன, பிறகு அங்கே மைதானம் இருந்தது என்று சொல்லவே ஆளில்லாமல் போயிற்று. பாய் போன பிறகு போட்டியை யாரும் எடுத்து நடத்தவில்லை. லாட்ஜை இடித்துவிட்டு அந்த இடத்தில் வேறென்னவோ கட்டியிருக்கிறார்கள். மேஸ்திரி இறந்துவிட்டார், குருக்களும் இறந்துவிட்டார். நான் கையெழுத்துப் போட்ட அந்தப் பிளான் முதலாளியின் அலமாரியில் கரையானுக்குப் போனது. நடந்தது இதுதான், தப்பு என்னுடையதுதான் என்று நான் சொன்னால், ஆமாம் என்று சொல்ல இன்றைக்கு ஒருவரும் இல்லை.